மூன்றடிக் கதவும் ஆறடி மாப்பிள்ளையும்

லண்டனில் பப்புக்குப் போய்த் தரையில் விழுந்தவர்கள் ஏராளம். ஆனால் எலுமிச்சைச் சாறும் சோடாவும் மட்டும் குடித்துவிட்டுக் குப்புற விழுந்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் சும்மா விழவில்லை. சாஷ்டாங்கமாக, எட்டு அங்கமும் தரையில் பட, வருங்கால மாமனார் மாமியாரின் காலடியில் விழுந்தேன். (மாமனார் இதைப் படித்தால், "எட்டு அங்கம் இல்லை, ஒரு சப்பாத்து அங்கால நிண்டிட்டுது" என்று திருத்துவார்.)

நான் மலேசியாக்காரன். ஊர் சிரம்பான். படிக்க வந்து, படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, குளிரைத் திட்டிக்கொண்டே இங்கேயே தங்கிவிட்ட ரகம். ஒரு சுவரை எடுத்துவிட்டால் மேல்மாடி நிற்குமா, தலையில் விழுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிற பொறியாளர் வேலை. அப்போது தோர்ண்டன் ஹீத்தில், குமரன் என்ற இன்னொரு சிரம்பான்காரனோடு ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தேன்.

சிந்து பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட். பிறந்தது யாழ்ப்பாணம், படித்தது ஜெர்மனி, வேலை லண்டன். ஒரு பழைய வீட்டின் புகைபோக்கியை இடித்துவிடலாம் என்று நான் அறிக்கை கொடுத்தேன். இடிக்கக் கூடாது என்று அவள் சண்டைக்கு வந்தாள். அந்தப் புகைபோக்கி இன்றைக்கும் நேராக நிற்கிறது. சாய்ந்தது நான்தான்.

விஷயம் அவள் வீட்டுக்குப் போனது. அவளுடைய அப்பா பரமேஸ்வரன் கிங்ஸ்பரியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். செய்தியைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லையாம், கத்தவில்லையாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"பெடியன் எவ்விடம்?"

"மலேசியா அப்பா."

"அது நாடு. எவ்விடம்?"

"சிரம்பான்."

"யாழ்ப்பாணத்தில எவ்விடம் எண்டு கேக்கிறன்."

சிரம்பானை யாழ்ப்பாணத்துக்குள் எங்கே வைப்பது? ஒரு மாத இழுபறிக்குப் பிறகு, "ஆளை ஒருக்காப் பாப்பம்" என்கிற அளவுக்கு இறங்கி வந்தார். ஆனால் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார். அக்கம்பக்கம் பார்க்கும். உணவகமும் சரிவராது. கிங்ஸ்பரியிலோ வெம்பிளியிலோ நாங்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், தோசை வருவதற்கு முன்னால் செய்தி டொரொண்டோவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"எங்கட சனம் ஒருத்தரும் தலைகாட்டாத இடம் ஒண்டு எனக்குத் தெரியும்" என்றாள் சிந்து. நகரின் நடுவில் ஒரு பழைய பப். விக்டோரியா காலத்துக் கட்டடம். அதைப் பழுதுபார்க்கிற வேலைக்காக அவள் வாரக் கணக்கில் அங்கே நின்று அளவெடுத்து வரைந்துகொண்டிருந்தாள்.

"குடிக்கிற இடமோ?" என்று அப்பா துள்ளியிருக்கிறார்.

"சாப்பாடும் குடுப்பினம் அப்பா. மத்தியானம்தானே போறம்."

யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, வாழ்நாளில் சாராய வாசனை அறியாத மனிதர் பப்புக்கு வரச் சம்மதித்தார். அந்தப் பப்பின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மாமனாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு வாரம் பயிற்சி நடந்தது. முக்கியமான பாடம், 'ஆமா' என்று சொல்லக் கூடாது, 'ஓம்' என்று சொல்ல வேண்டும். "அப்பா ஏதும் கேட்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. ஆமா எண்டு சொன்னீங்களெண்டால் அவருக்கு டிவி நாடகம் பாக்கிற மாதிரி இருக்கும்." நான் குளிக்கும்போதெல்லாம் ஓம் ஓம் என்று பயிற்சி செய்ததில், கீழ்வீட்டு வெள்ளைக்காரி நான் தியானம் செய்வதாக நினைத்துத் தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டாள்.

இரண்டாவது பாடம், இடம். "வாசல்ல நாலு கதவு இருக்கும். ரெண்டாவது கதவால உள்ளுக்கு வாங்கோ." எளிய விஷயம். ஆனால் அவள் ரயிலில் வருகிறவள், ரயில் நிலையத்துப் பக்கத்திலிருந்து எண்ணினாள். நான் அன்று பஸ்ஸில் வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினேன். (இரும்புத் தூண்களைத் தசம புள்ளி வரை கணக்கிடுகிற பொறியாளரின் லட்சணம் இது.)

புது சூட். கடைக்காரன் "உங்களுக்கென்றே தைத்தது போல் இருக்கிறது" என்று சொல்லி விற்ற, தோளில் இறுகிய சூட். கையில் தோர்ண்டன் ஹீத்தில் வாங்கிய ஒரு பெட்டி லட்டு. நான் எண்ணிய இரண்டாவது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பப் என்றால் எனக்குத் தெரிந்தது அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான். காலில் ஒட்டுகிற கம்பளம், டிவியில் கால்பந்து, எண்ணெய் வாடை. இது அப்படி இல்லை. நான் நின்ற இடம் ஒரு சின்ன அறை. இரண்டு பேர் தாராளமாகக் கைநீட்ட முடியாது. ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு அரண்மனையை மடித்து வைத்திருந்தார்கள். சுவரெங்கும் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் மலர்க்கொடிகளும் பறவைகளும் பனியால் வரைந்த மாதிரிப் பொறிக்கப்பட்டிருந்தன. இடுப்புக்குக் கீழே பச்சையும் தேன்நிறமுமாகப் பளபளக்கும் ஓடுகள். இரண்டு பக்கத்திலும் கருஞ்சிவப்பு மரத்தில் தடுப்புகள். அதன் ஒவ்வொரு விளிம்பிலும் செதுக்கு வேலை, ஒவ்வொரு தூணின் தலையிலும் இலைக்கொத்து. மேலே பனிக்கண்ணாடி. தெருவின் சாம்பல் வெளிச்சம் அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே வரும்போது பாலாக மாறியிருந்தது.

எனக்கு எதிரே மதுக்கூடத்தின் மேடை. அதற்குப் பின்னால், கட்டடத்தின் நடுவில், கடிகாரம் வைத்த ஒரு மரக் கோபுரம் அடுக்கடுக்காக எழுந்து நின்றது. எனக்குத் தேரைத்தான் சொல்லத் தோன்றியது. சக்கரம் மட்டும்தான் இல்லை. சாமி இருக்க வேண்டிய இடத்தில் புட்டிகள்.

மேடைக்கும் எனக்கும் இடையில், முகத்துக்கு நேராக, மரச்சட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிப் பலகைகள். அதில் ஒன்று சட்டென்று சுழன்று திறந்தது. ஒரு வயதான பெண்ணின் பாதி முகம் தெரிந்தது. பப்பை நடத்துகிறவர்.

"என்ன வேண்டும் கண்ணா?"

எலுமிச்சைச் சாறும் சோடாவும் கேட்டேன். அந்தக் கண்ணாடிப் பலகை எதற்கு என்றும் கேட்டேன். "அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் தாங்கள் குடிப்பதைப் பிறர் பார்க்கக் கூடாது என்று நினைத்தார்கள். பரிமாறுகிற பெண்கூட அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. கையை மட்டும்தான் பார்ப்பாள்" என்று சொல்லிக் கோப்பையை நீட்டிவிட்டுப் பலகையை மூடினார். மூடியதும் அந்த அறை மறுபடியும் எனக்கு மட்டுமான உலகமாகிவிட்டது.

பிறகுதான் மேலே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதன் பிறகு என்னால் வேறெதையும் பார்க்க முடியவில்லை. கூரை முழுவதும் கருஞ்சிவப்பு, அரக்கு உருக்கி ஊற்றிய மாதிரி மினுமினுப்பு. அதில் புடைத்தெழுந்த கொடிகள், பூக்கள், அவற்றின் முகட்டில் மட்டும் மங்கிய பொன். இத்தனையையும் தாங்கி நின்றது என் மணிக்கட்டை விடக் கொஞ்சம் பருமனான ஓர் இரும்புத் தூண். அதைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. என் தொழிலில் இன்றைக்கு யாராவது இப்படி ஒரு தூணை வரைந்து கொடுத்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அதுவோ என் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முன்பிருந்தே அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் மனிதன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு கும்பிடுவான். நான் குமரனுக்கு வீடியோவில் அழைத்தேன்.

"டேய், இத பாரு லா. இது பப்புன்னு சொன்னா நம்புவியா?"

"என்னடா இது, சுல்தான் வீடு மாதிரி இருக்கு! மாமனார் வந்துட்டாரா?"

"இன்னும் காணோம். நீ மேல பாரு, மேல பாரு."

கூரையைக் காட்டிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'நாங்கள் வந்திட்டம். நீங்கள் எங்க?' அது கூரையின் நல்ல பகுதியை மறைத்தது. விரலால் தள்ளிவிட்டேன்.

"பயமா இருக்கா?" என்றான் குமரன். சத்தமாகத்தான் கேட்டான், ஸ்பீக்கர் போட்டிருந்தேன்.

வெளிநாட்டுத் தமிழனுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. நாம் பேசுவது சுற்றியிருக்கிற யாருக்கும் புரியாது என்பதுதான் அது. லண்டனில் அந்த நம்பிக்கை தினமும் பொய்யாகும், இருந்தாலும் நாம் விடுவதில்லை.

"பயமா? எனக்கா? வந்து என்ன செய்யப் போறாரு? கடையில வாழப்பழத்த உருட்டி உருட்டிப் பாப்பாங்கல்ல, எங்கயாச்சும் அழுகியிருக்கான்னு, அந்த மாதிரி என்னைய பாப்பாரு. எவ்விடம்னு கேப்பாரு. நானும் ஓம் ஓம்னு மந்திரம் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

"பெரிய மீசையாமே?"

"ஆமா, சிந்து சொன்னா. கடையில துடைப்பம் தீர்ந்து போனா அதை வெச்சே கூட்டிருவாரு போல."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஓய்ந்ததும், தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து நிதானமான ஒரு குரல்.

"தம்பி. வாழைப்பழம் உருட்டிப் பாக்கிற ஆள் இஞ்சாலப் பக்கம்தான் இருக்கிறன்."

பனிக்கண்ணாடியில் ஒரு நிழல் எழுந்தது. நிழலுக்கும் மீசை இருந்தது.

அந்தக் கணத்தில் என் ரத்தம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, முகத்தில் இல்லை. போனை இருக்கையில் வைத்தேன். அழைப்பைத் துண்டிக்கத் தோன்றவில்லை. ஓசைப்படாமல் தெருவுக்குப் போய் அப்படியே மலேசியாவுக்குப் போய்விடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதற்குள் சிந்துவின் குரல். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியாத குரல்.

"சரவணன், கீழ ஒரு சின்னக் கதவு இருக்கு. கொண்டியை எடுக்கிறன். அதால வாங்கோ."

தடுப்பின் அடியில், என் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கதவு இருந்தது. அந்தக் காலத்தில் கோப்பை பொறுக்குகிற பணியாட்கள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் குனிந்து போவதற்காக வைத்தது. மூளை வேலை செய்கிற மனிதன் தெருவுக்குப் போய்ப் பக்கத்துக் கதவு வழியாக நிமிர்ந்து வந்திருப்பான். என் மூளை அப்போது சிரம்பானுக்குப் பாதி வழியில் இருந்தது. குனிந்தேன்.

தலை போனது. லட்டுப் பெட்டி பிடித்த கை போனது. தோளில் சூட் கொஞ்சம் முறுமுறுத்தாலும் போனது. கோட்டுப் பை மட்டும் பித்தளைக் குமிழில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு முறை இழுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பை கிழிந்து விட்டுக்கொடுத்தது. வலது காலணி வாசல் கட்டையில் தடுக்கி அங்கேயே தங்கிவிட்டது. மிச்சம் இருந்த நான் விமான ஓடுதளத்தில் இறங்குகிற மாதிரிக் கைகளை முன்னால் நீட்டியபடி போய் இறங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது ஒரு விரல் தூரத்தில் நன்றாகப் பாலிஷ் போட்ட கறுப்புச் சப்பாத்து இரண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையின் கரை. அதற்குக் கீழே தடித்த கம்பளிக் காலுறை. என் கை அந்தக் காலுறைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு லட்டு மெதுவாக உருண்டு போய்ச் சப்பாத்தில் முட்டி நின்றது.

பிறகு என் தலையில் ஒரு கை வந்து படிந்தது.

"நல்லா இரு மோனே, நல்லா இரு" என்றார் சிந்துவின் அம்மா.

"இஞ்ச, என்ன நீர் ஆசீர்வாதம் பண்ணுறீர்? இன்னும் ஒண்டும் பேசேல்லை!" என்றார் பரமேஸ்வரன்.

"காலில விழுந்து கிடக்கிற பிள்ளைக்கு வேற என்ன சொல்லுறது? குட் மோர்னிங் சொல்லுறதோ?"

"அம்மா, அவர் விழேல்லை, தடக்கிட்டார்" என்றாள் சிந்து.

"எப்பிடி விழுந்தாலும் விழுந்ததுதான்."

பரமேஸ்வரன் குனிந்து என்னைப் பார்த்தார். மீசை உண்மையிலேயே பெரியது. "நோகுதோ தம்பி?"

ஒரு வாரப் பயிற்சியும் பிறவிப் பழக்கமும் ஒன்றாக வாயில் வந்தன. "ஓமா" என்றேன்.

எழ முயன்றேன். இறுகிய சூட் விடவில்லை. புரண்டு மல்லாந்தேன். நான் நின்ற அறையைவிடப் பெரிய இந்த அறையின் கூரை கண்ணுக்கு நேராக வந்தது. நின்று பார்ப்பது வேறு, படுத்துப் பார்ப்பது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. தடுப்புகள் எங்களைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருந்தாலும் மேலே கூரைக்குப் பிரிவே இல்லை. ஒரே சிவப்பு வானம், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தடையில்லாமல் ஓடியது. கண்ணாடி விளக்குகளின் வெளிச்சம் புடைத்த பூக்களில் பட்டு, அவை மூச்சு விடுகிற மாதிரி இருந்தன. வலி, மானம், மாமனார் எல்லாம் ஒரு நிமிடம் எங்கோ போய்விட்டன. "ஐயோ, எவ்வளவு அழகு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"தலையில அடிபட்டிட்டுது போல" என்றார் பரமேஸ்வரன் கவலையோடு. பிறகு நான் பார்த்த திசையில் அவரும் பார்த்தார்.

பார்த்தவர் தலையைக் கீழே இறக்கவில்லை. மனைவியும் பார்த்தார். சிந்து ஏற்கனவே ஆயிரம் முறை பார்த்திருப்பாள், அவளும் பார்த்தாள். தரையில் ஒருவன் மல்லாந்து கிடக்க, மூன்று பேர் அவனைச் சுற்றி நின்று வாயைப் பிளந்து அண்ணாந்திருந்த அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இதென்ன சிந்து, மரமோ?" அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"இல்லை அப்பா. தடிச்ச தாளில அச்சுப் பதிச்சு ஒட்டி, வர்ணம் பூசினது. எல்லாரும் சுருட்டுப் பிடிப்பினம்தானே, புகைக் கறை தெரியக் கூடாதெண்டு இந்தச் சிவப்பு."

அந்தப் புனிதமான அமைதியில், தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குமரனின் குரல் முழங்கியது.

"டேய் சரவணா! என்னடா சத்தம்? மாமனார் அடிச்சிட்டாரா? மீசையால அடிச்சாரா, கையால அடிச்சாரா?"

"முதல்ல அந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ" என்றார் சிந்துவின் அம்மா. நான் எழுவதற்குள் பரமேஸ்வரனே கிளம்பிவிட்டார். வெளியே மழை பிடித்திருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் சின்னக் கதவு திறந்தே கிடந்தது. நான் போகாத வழியா என்று நினைத்திருப்பார். மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டார், தோளை விட்டார். அதன் பிறகு வயிறு வந்தது.

அவர் நின்றுவிட்டார்.

"அப்பா, தள்ளாதேங்கோ! கதவு கவனம்!" என்று அலறினாள் சிந்து.

"அப்பா மாட்டுப்பட்டு நிக்கிறார், உனக்குக் கதவோ பெரிசு?" என்றார் அம்மா.

"அப்பாவுக்கு மருந்து பூசலாம். இந்த மாதிரிக் கதவை இனிச் செய்ய ஏலாது அம்மா!"

இந்தக் கூச்சலில் பப்பின் அம்மணி, என்ன நடக்கிறதென்று பார்க்க எல்லா அறைகளின் கண்ணாடிப் பலகைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தார். திறந்ததும், நடுக்கோபுரத்தின் பெரிய கண்ணாடியில் பக்கத்து அறை முழுவதும் எங்களுக்குத் தெரிந்தது. நான் விட்டுவந்த அறை. இந்தப் பக்கச் சுவரின் அடியில் என் வருங்கால மாமனாரின் தலை. அதற்கு நேர் எதிரே, அந்தப் பக்கச் சுவரின் அடியிலும் அதே மாதிரி ஒரு சின்னக் கதவு. அது மெல்லத் திறந்தது. அதிலிருந்தும் ஒரு தலை நீண்டது. நெற்றியில் விபூதி. மேலுதட்டில் நுரை. தலையைத் தொடர்ந்து ஒரு கை. கையில் பாதி குடித்த பியர்.

நாலாவது அறையில் அவ்வளவு நேரம் எலி மாதிரிப் பதுங்கியிருந்த மனிதர், சத்தம் தாங்காமல் எட்டிப் பார்த்திருக்கிறார். தரையோடு தரையாக இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்தன.

"பரமேஸ் அண்ணை?"

"குலமோ?"

"ஓம் அண்ணை."

குலசிங்கம் என்பவர் யார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் இவர்கள் போகும் கோயிலில், முன்வரிசையில் நின்று கணீரென்று தேவாரம் பாடுகிறவர். ஊரில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் முதலில் தெரிவது அவருக்கு. அவருக்குத் தெரிந்தால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?" என்றார் பரமேஸ்வரன். அந்த நிலையிலும் அதிகாரம் குறையவில்லை.

குலசிங்கம் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நான்... கட்டிடம் பாக்க வந்தனான் அண்ணை. நீங்கள்?"

"நானும் கட்டிடம் பாக்கத்தான் வந்தனான்."

"நல்ல கட்டிடம் அண்ணை."

"ஓம். வேலைப்பாடு திறம்."

இருக்கையிலிருந்து குமரன், "ஹலோ? மாமனார் எங்கடா?" என்றான். குலசிங்கம் எம்பிப் போனை எடுத்தார். "தம்பி, மாமனார் இப்ப கதவுக்குள்ள நிக்கிறார். பிறகு எடும்" என்று சொல்லி அணைத்தார்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "மாமனாரோ? அங்கால ஆரோ விழுந்த சத்தமும் கேட்டது அண்ணை. ஆர் அது?"

கண்ணாடியில் பரமேஸ்வரனின் முகத்தைப் பார்த்தேன். பாவம். குடும்பத்தோடு பப்பில் இருக்கிறார், ஒரு மூன்றடிக் கதவில் சிக்கி இருக்கிறார், பின்னால் ஒரு வாலிபன் ஒற்றைக் காலணியோடு லட்டுகளுக்கு நடுவே கிடக்கிறான். இந்த மூன்றையும் சேர்த்து மரியாதையாக விளக்குவதற்கு உலகத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அது எங்கட மருமோன். ஆசீர்வாதம் வாங்கினவர்."

சிந்து என் கையைப் பிடித்தாள். இறுக்கத்தில் எலும்பு நொறுங்கியது.

அவரை வெளியே எடுப்பது தனிக் கதை. என் தொழில் அறிவு எனக்குக் கைகொடுத்த ஒரே தருணம் அது. பெல்ட்டைத் தளர்த்தச் சொன்னேன், மூச்சை முழுவதும் விடச் சொன்னேன், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னேன். பிறகு அவருடைய இரண்டு காலையும் பிடித்தேன். (அன்றைக்கு நான் தொட்ட இரண்டாவது ஜோடிக் கால்.) சிந்து கதவைப் பிடித்துக்கொண்டாள், அப்பாவை இல்லை. அப்பாவும் கதவும் கீறல் இல்லாமல் மீண்டார்கள்.

குலசிங்கம் தெரு வழியாகச் சுற்றி வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கைகொடுத்துவிட்டு, மழையில் வேகமாகப் போய்விட்டார். பரமேஸ்வரன் இருக்கையில் சாய்ந்தார். "வாயில வந்திட்டுது. குலத்தின்ர காதில விழுந்தது இனித் திரும்பாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். "இரும் தம்பி. சாப்பிடுவம்."

பொரித்த உருளைக்கிழங்கும் பட்டாணிக் கூழும் வந்தன. எவ்விடம் என்று அவர் கேட்கவே இல்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அடிக்கடி நிமிர்ந்து பார்த்தார். தடுப்பின் விளிம்பில் செதுக்கியிருந்த ஓர் இலையை விரலால் தடவினார், அதன் நரம்புவரை தடவினார்.

"குடிக்கிற இடத்துக்கு ஏன் பிள்ளை இவ்வளவு வேலை?" என்று மகளிடம் கேட்டார்.

"அந்த நாளில இந்தப் பக்கச் சனத்துக்கு வீடு எண்டது ஒரு அறை அப்பா. இருட்டு, குளிர், புகை. நாலு கடைக்காரர் போட்டி போட்டு இப்பிடி அரண்மனை கட்டிச்சினம். ஒரு கிளாஸ் வாங்கினால் போதும், மூட்டை தூக்கிறவனும் இந்தக் கண்ணாடிக்கு நடுவில கொஞ்ச நேரம் இருக்கலாம்."

அவர் ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரு அறையில் ஏழு பேர் மாறி மாறிப் படுத்ததைச் சிந்து எனக்குச் சொல்லியிருந்தாள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய மீசைக்குக் கீழே வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"கோயிலுக்குச் செய்யிற மாதிரிச் செய்திருக்கிறாங்கள்" என்றார் கடைசியில்.

அன்று சாயந்தரமே செய்தி லண்டனைச் சுற்றி வந்துவிட்டது. பப் என்ற பேச்சே அதில் இல்லை. பரமேஸ் அண்ணையின் மகளுக்குப் பொருத்தம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை மலேசியா, எஞ்சினியர், பெரியவர்களைக் கண்டால் நெடுஞ்சாண்கிடையாக விழுகிற பிள்ளை, இந்தக் காலத்தில் இப்படி எங்கே கிடைக்கும் என்று குலசிங்கம் சொன்ன இடத்திலெல்லாம் என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஆறு மாதத்தில் கல்யாணம். தேவாரம் பாடியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பப்பில் பார்த்ததைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று மாமனாரும் குலசிங்கமும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டார்கள், இன்றுவரை காப்பாற்றுகிறார்கள். ஆனால் மாமி, அதாவது சிந்துவின் அம்மா, எவருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. கல்யாண வீட்டிலேயே பெண்கள் பக்கம் முழுவதும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சனத்தில் எந்த விசேஷத்திலும், சாப்பாட்டுக்கு முன்னால் நாலு ஆண்கள் சேர்ந்தாற்போல் கார் நிறுத்துமிடத்துக்கு நழுவினால், "அவை கட்டிடம் பாக்கப் போட்டினம்" என்கிறார்கள். யாராவது தள்ளாடி வந்தால், "நிறையக் கட்டிடம் பாத்திட்டார் போல." கனடாவிலிருந்து வந்த ஒருவர் இது தெரியாமல், தனக்கும் பழைய கட்டிடங்களில் ஆர்வம் உண்டு என்று சொல்லிக் கேமராவோடு கூடப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, மிக அருமையான கட்டிடம் என்றார்.

இதில் கஷ்டப்படுவது நான் ஒருவன்தான். மாமனாரும் மாமியும் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள். நான் தினமும் காலையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு பிழைப்புக்குப் போகிறவன். போன வாரம், எட்டு மணிகூட ஆகவில்லை, வாசலில் நின்று, "மாமி, குரொய்டன்ல ஒரு கட்டடம் பாக்கணும், வர நேரமாகும்" என்று சொன்னேன்.

மாமி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விடியக்காலமேவோ?"

"வேலைக்குத்தான் மாமி."

"ஓம், ஓம். வெறும் வயித்தில பாக்காதேங்கோ. ரெண்டு இடியப்பம் சாப்பிட்டிட்டுப் போங்கோ."